பாதிச் சுவர்

"இன்னிக்கு கிளினிக் லீவுன்னு உங்கிட்ட யாரு சொன்னது?"

செருப்பைக் கூடக் கழற்றாமல் வாசலில் நின்றே கேட்டாள் அக்கா. தம்பி மனைவி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"நான் போன் பண்ணிக் கேட்டுட்டேன். காலையிலேருந்து திறந்துதான் இருக்காம். போன வாரம் டாக்டர் வெளியூர்னு சொன்னே. அதுவும் பொய்தானா?"

"மறந்து போச்சு, அண்ணி."

"மறந்து போறதுக்கு இது என்ன கடையில உப்பு வாங்கற வேலையா? அவனோட கைம்மா."

தம்பி பெயின்டர். வலது தோள் இறுகிப்போய் மாதக்கணக்காகிவிட்டது. கை நெஞ்சு உயரம் வரை வரும். அதற்கு மேல் தூக்கினால் உயிர் போகும். பாதிச் சுவர் அடித்துவிட்டு மீதிக்கு ஆள் தேடுகிற பெயின்டரை யார் கூப்பிடுவார்கள்? கான்ட்ராக்டர் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தார், பிறகு கூப்பிடுவதையே நிறுத்திவிட்டார். இப்படியே போனால் அவன் தொழிலையே மறந்துவிட வேண்டியதுதான்.

மாத்திரை, தைலம், ஒத்தடம் எல்லாம் பார்த்தாயிற்று. எங்கெங்கோ விசாரித்து அக்குபஞ்சரைக் கண்டுபிடித்தவள் அக்காதான். முதலில் அவளே கூட்டிப்போனாள். கை கொஞ்சம் அசைந்து கொடுத்தது. இனிமேல் நீ பார்த்துக்கொள் என்று தம்பி மனைவியிடம் நம்பி ஒப்படைத்தாள். அன்றிலிருந்து கிளினிக்குக்கு லீவு மேல் லீவு.

அக்காவுக்குப் பிடிபடாத விஷயம் ஒன்று. இதே பெண்தான் அவனுக்குத் தலை வாரிவிடுகிறாள். சட்டை மாட்டி பட்டன் போட்டுவிடுகிறாள். ஊரார் துணியைத் தேய்த்துக் கொடுத்து வீட்டையும் ஓட்டுகிறாள். ஒரு நாள் முகம் சுளித்ததில்லை. ஊசி என்றால் மட்டும் கல்லுளிமங்கியாகிவிடுகிறாள்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி இன்று கேட்டும்விட்டாள்.

"உன் சம்பாத்தியத்துல வீடு ஓடுது. அவன் குணமாகி வேலைக்குப் போயிட்டா உன் அதிகாரம் போயிடும். அதானே உன் கணக்கு?"

தம்பி மனைவி, மடித்த சட்டையைப் பிரித்து மறுபடியும் மடித்தாள்.

சத்தம் கேட்டுத் தம்பி உள்ளேயிருந்து வந்தான்.

"என்னக்கா?"

"கிளினிக் லீவே இல்லடா. உம் பொண்டாட்டி உன்னை நல்லா ஏமாத்தியிருக்கா."

"அப்படியா?" அவன் மனைவியைப் பார்த்துச் சிரித்தான். "சரி விடுக்கா. அதை நாங்க அப்புறம் பேசிக்கறோம்."

இந்தப் பொறுமை யாருக்கு வரும் என்று அக்காவுக்கு மனசு நிறைந்து போயிற்று.

"பாத்தியா? குடி கிடையாது, சீட்டு கிடையாது. அம்மா போனப்புறம் நான் பொத்திப் பொத்தி வளர்த்த பிள்ளை. இப்படி ஒருத்தன் கிடைக்க நீ கொடுத்து வச்சிருக்கணும். கிளம்பு, இன்னிக்கு நீயும் வர்ற."

"நான் எதுக்கு, அண்ணி?"

"கண்ணால பாரு. அப்பதான் அடுத்த தடவை பொய் சொல்ல வாய் வராது."

கிளினிக் சின்ன அறைதான். ஒரு கட்டில், இரண்டு ஸ்டூல், மூலையில் கை கழுவும் தொட்டி. டாக்டரம்மா அதிகம் பேசாதவர். தம்பியை ஒரு ஸ்டூலில் உட்கார வைத்து, பேன்ட்டைச் சுருட்டச் சொல்லி, முழங்காலுக்குக் கீழே முடி மாதிரி ஓர் ஊசியை இறக்கினார்.

"டாக்டர், வலி தோள்ல. நீங்க விலாசம் மாறிப் போறீங்க" என்றான் தம்பி.

"விலாசம் சரிதான். நான் சொல்லும்போது கையைத் தூக்குங்க." பிறகு தம்பி மனைவியிடம், "நீங்க எதிர்ல உக்காருங்கம்மா. தூக்கறப்ப உடம்பு ஒரு பக்கமா சாயுதான்னு பாத்துச் சொல்லுங்க" என்றார்.

அவள் அக்காவைப் பார்த்தாள்.

"போய் உக்காரு" என்றாள் அக்கா. உட்கார்ந்தாள்.

கை எழுந்தது. நெஞ்சு வரை வந்து வழக்கமான இடத்தில் நின்றுவிட்டது. டாக்டரம்மா குனிந்து ஊசியை மெல்லத் திருகினார்.

"விட்டுடாதீங்க. இன்னும் தூக்குங்க."

என்ன நடந்ததோ, பூட்டுத் திறந்த மாதிரி கை சடாரென்று தலைக்கு மேல் போனது.

தம்பி மனைவியின் கண்கள் இறுக மூடிக்கொண்டன. முகம் வலப்பக்கம் திரும்பியது. இடது முழங்கை உயர்ந்து கன்னத்தை மறைத்தது. எல்லாம் ஒரே நொடியில், உடம்பு தானாகப் பழகி வைத்திருந்த மாதிரி.

அடி விழவில்லை. அவள் கண் திறந்தாள். கலையாத தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள்.

"அக்கா, போயிடுச்சு பாரு. முழுசா மேல போயிடுச்சு." தம்பி தன் கையைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை.

டாக்டரம்மா பார்த்திருந்தார். ஊசியை எடுத்துப் பஞ்சால் ஒற்றினார். "வெளியே வராந்தாவுல கையை வீசிக் கொஞ்சம் நடங்க" என்று அவனை அனுப்பிக் கதவைச் சாத்தினார். பிறகு கை கழுவுகிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இத்தனை வருஷமாக வந்து போகிற வீடு, ஒரு நாளும் தனக்குத் தெரியவில்லையே என்று அக்காவுக்கு அவமானமாக இருந்தது. அவன் எழுந்துபோன ஸ்டூலில் உட்கார்ந்தாள். மெல்லக் கேட்டாள்.

"எத்தனை நாளாம்மா அடிக்கிறான்?"

தம்பி மனைவி கதவைப் பார்த்தாள். அது மூடித்தான் இருந்தது.

"அவருக்குத் தோள் பிடிச்சதிலேருந்து அடிக்கறதில்ல, அண்ணி."