மூடியில் ஒட்டிய டேப்

காலையில் வைத்தால் மாலையில் வெந்திருக்க வேண்டிய ஸ்லோ குக்கரில், மூன்று நாளாகக் கிழங்கு கல்லாகவே கிடந்தது. ஆளாளுக்கு மூடியைத் திறந்து மோந்து பார்த்தால் சூடு எப்படி நிற்கும்?

நான்காம் நாள், மருத்துவமனை வேலைக்கு ஓடும் அவசரத்திலும் அம்மா மூடியைச் சுற்றி டேப் ஒட்டினாள்.

"இதைத் திறக்கிறவங்கதான் இன்னைக்குச் சமையல்."

மாலையில் டேப் ஒட்டியபடியே இருந்தது. கணவனும் மகளும் தட்டோடு காத்திருந்தார்கள்.

"வாசனையே வரலையேம்மா."

"யாரும் திறக்கலைன்னா அப்படித்தான்டி இருக்கும்."

பெருமையோடு டேப்பைப் பிரித்தாள். உள்ளே ஒன்றுமே இல்லை.

கணவன் எழுந்துபோய், அவள் நேற்றே நறுக்கி வைத்திருந்த கிழங்கை ஃபிரிட்ஜிலிருந்து கிண்ணத்தோடு கொண்டுவந்தான்.

"காலைல பால் எடுக்கும்போதே பார்த்தேன். திறந்து போட்டிருந்தா நான்தானே சமைக்கணும்?"