தார்க்கோடு

இளசுகள் குடித்துக் கெடுவதைத் தடுக்க, ரப்பர் தோட்டத்துக் கள்ளுக்கடைச் சுவரில், சம்பளக் கணக்கெழுதும் கிராணி துரைசிங்கம் தாரால் ஒரு கோடு போட்டிருந்தார். அந்த உயரம் வளராதவனுக்குக் கள் கிடையாது.

வீராயி, தள்ளாடிய மகனைக் கடையில் இருந்த கிராணியிடமே இழுத்து வந்தாள். அவன்மேல் வாந்தி நாற்றம் அடித்தது.

“பதினாலு வயசுப் புள்ளைக்கு ஊத்திட்டீங்களே, ஐயா.”

“வயதை ஆர் கேட்டது? கோட்டைத் தாண்டிட்டான், பார்.”

உண்மைதான். பையனின் தலை கோட்டுக்கு மேலே இருந்தது.

“அப்ப நாளையிலேருந்து பெரியாள் சம்பளம் போடுங்க. ஆபீசு செவத்துக் கோட்டுக்குக் கீழ நிக்கிறான்னுதானே இன்னிக்கும் அரைச் சம்பளம் போட்டீங்க?”

துரைசிங்கம் வெற்றிலையை நிதானமாக மென்றார்.

“அது சம்பளக் கோடு. அதை ஒரு சாண் உயர்த்தித்தான் போட்டனான்.”

வீராயி காறித் துப்பினாள்.