பாதி ஏறிய கண்ணாடி

மார்ச் மாதப் பிற்பகல் வெயில் மினசோட்டா மாநிலத்தில் உறைந்த ஓர் ஏரியின் பனிக்கட்டி மேல் தண்ணீர் கலந்த பாலாகப் படிந்து கிடக்கிறது. ரெய்னோ அதன்மேல் வண்டியை நடைவேகத்தில் உருட்டுகிறான். பின்னால் கயிற்றில், குளிர்காலம் முழுக்கப் பனிமேல் நின்ற மீன்பிடிக் குடில் உரசிக்கொண்டு வருகிறது. பனி இளகுமுன் அதைக் கரையேற்றியாக வேண்டும். பனி உடைந்தால் நீந்தி வெளியேற, ஊர் வழக்கப்படி இரண்டு கதவுக் கண்ணாடிகளும் இறங்கியிருக்கின்றன. வண்டியில் இருக்கும் இருவரும் சீட் பெல்ட் போடவில்லை. சக்கரத் தடத்தில் தண்ணீர் ஊறுகிறது. அடியில் எங்கோ பெரிய மிருகம் புரண்டு படுப்பதுபோல ஒரு முனகல். பக்கத்தில் அண்ணி லெம்பி, இறந்துபோன கணவனின் கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டிருக்கிறாள். "உங்க அண்ணன் கண்ணாடிய எறக்காம ஏரிக்குள்ள வண்டிய விடவே மாட்டாரு. முழுகிப்போன அன்னிக்கு மட்டும் ஏத்தி வெச்சிருந்தாரே, என்னதான் நெனச்சாரோ." ஆறு வருஷமாக ஒவ்வொரு மார்ச்சிலும் இதைக் கேட்கிறாள். அன்று அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்து, கதவை உதைத்துத் தப்பிய ரெய்னோ, ஆறு வருஷமாகச் சொல்லிப் பழகியதையே சொல்கிறான்: "தெரியலையே அண்ணி." முனகல் இந்தமுறை வண்டிக்கு நேர் அடியில் கேட்கிறது. "என்னா குளிரு," என்று லெம்பி கைப்பிடியைச் சுற்றுகிறாள். கண்ணாடி கிறீச்சிட்டு ஏறுகிறது.

"ஏத்தாதீங்க அண்ணி."

"கரைதான் வந்துருச்சேப்பா."

கரை இன்னும் இருநூறு அடி இருக்கிறது. "அன்னிக்குக் குளிருதுன்னு அண்ணன்கிட்ட கண்ணாடிய ஏத்தச் சொன்னது நான்தான்," என்கிறான் ரெய்னோ.

அவள் கை கைப்பிடியிலேயே நிற்கிறது. கண்ணாடி பாதியில் நிற்கிறது. அவன் பக்கம் திரும்பாமல், "வண்டிய நிறுத்திடாத," என்கிறாள்.