எல்லாக் காகிதமும் சரி

வானம் வீரர்களுக்குச் சொந்தமல்ல, காகிதங்களைச் சரியாக வைத்திருப்பவர்களுக்கே சொந்தம் என்பது பயிற்சி விமானி யஷ்வந்தின் சித்தாந்தம்.

தை மாதப் பனியில், விமானத்துக்குள் உட்கார்ந்து மறுபடியும் புரட்டினான். பதிவுச் சான்றிதழ், பறக்கும் தகுதிச் சான்றிதழ், எடைக் கணக்கு, எல்லாம் இருந்தன.

"தனபாலண்ணா, பேப்பரெல்லாம் பக்காங்க! இன்னிக்கு நான் தனியாப் பறக்கறேன். தள்ளி நில்லுங்க!"

மெக்கானிக் தனபால் காதில் வாங்கவே இல்லை. யஷ்வந்தின் அம்மாவோடு பேசிக்கொண்டே வந்தார்.

"ஏனுங்கம்மா, இந்த ஒடஞ்ச ரெக்கை மேலயா படைக்கோணும்?"

"அமாவாசையாச்சுங்களே. எம் பையன் கடைசியா உக்காந்த எடம் இதுதானுங்க."

அவள் இலையில் இட்லியும் சட்னியும் வைத்து, "வா கண்ணு, சாப்புடு" என்றாள். காகம் வந்து கொத்தியது. யஷ்வந்தின் நாக்கில் சட்னி உறைத்தது.

விழுந்த அன்று எல்லாக் காகிதங்களையும் பார்த்தவன், டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்கவில்லை.