நீட்டிய கை

"பாத்தீங்களா அந்த ஆளோட திமிரை? கை நீட்டினா கொடுக்க மாட்டேங்கிறார்!"

நிதி கேட்டு வந்த டாக்டர் வாண்டர்மோலன் பேசி முடித்து வெளியே போனதுதான் தாமதம், லொரெய்ன் பொரிந்து தள்ளினார். மிஷிகனில் சொரியாசிஸ் என்னும் தோல் நோய் ஆராய்ச்சிக்கு நிதி கொடுக்கும் அறக்கட்டளையில், தேர்வுக் குழுவின் தலைவி அவர்.

முன்னதாக, டாக்டர் உள்ளே வந்தபோது ராக்ஸேன்தான் முதலில் குலுக்கக் கை நீட்டினாள். குழுவில் நோயாளிகள் சார்பாக இருப்பவள். முழங்கையிலிருந்து விரல்வரை சிவந்து, செதில் செதிலாக உரியும் தோல்.

டாக்டர் அந்தக் கையைப் பார்த்தார். சட்டென்று லேப்டாப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

அப்புறம் நன்றாகத்தான் பேசினார்.

"தோல் செல்லுக்கு 'வளரு'ன்னு சிக்னல் கொடுக்க வளர்ச்சிக் காரணிகள்னு சில புரதங்கள் இருக்கு. காயம் ஆறினதும் அந்த சிக்னல் அடங்கணும். இந்த நோயில அடங்கறதில்லை. ஒரு மாசத்துல வளர வேண்டிய தோல் ஒரே வாரத்துல வளந்து குவியுது. அதை எந்த இடத்துல நிறுத்தலாம்னு கண்டுபிடிச்சிருக்கேன். சோதிச்சுப் பாக்கத்தான் நிதி கேக்குறேன்."

லொரெய்னுக்கு அதெல்லாம் காதில் ஏறவே இல்லை.

"தொட்டா ஒட்டாதுன்னு ஊருக்கே தெரியும். இவருக்குத் தெரியாதா? ராக்ஸேன், நீங்க கவலைப்படாதீங்க. உங்களை அவமானப்படுத்தினவருக்கு ஒரு டாலர்கூடக் கிடையாது!"

"சைபர் போட்டுடலாம்," என்றார்கள் மற்றவர்கள்.

"நான் பத்துக்குப் பத்து போட்டுட்டேன்," என்றாள் ராக்ஸேன்.

"என்னது! அந்த ஆளுக்கா?"

"வலிச்சுது. இல்லேன்னு சொல்லலை. கடையில மிச்சக் காசை என் கையில தராம மேஜையில வைப்பாங்க. அப்பவும் இப்படித்தான் வலிக்கும்."

தன் மதிப்பெண் தாளை லொரெய்ன் பக்கம் நகர்த்தினாள்.

"இன்னிக்கு வந்த மத்தவங்க எல்லாரும் என் கையை விடாம குலுக்கினாங்க. சிக்னலை எங்கே நிறுத்தறதுன்னு கேட்டா முழிச்சாங்க. கை குலுக்க எனக்கு என் புருஷன் போதும். என் பொண்ணுக்கும் இப்போ முழங்கையில ஆரம்பிச்சிருக்கு. அவளுக்கு மருந்து வேணும்."



லொரெய்ன் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

"எவ்வளவு பெரிய மனசு உங்களுக்கு! அப்படியே கட்டிப் பிடிச்சுக்கணும்போல இருக்கு!" என்றார், தன் நாற்காலியை ஓரடி பின்னுக்கு இழுத்துக்கொண்டே.