வாத்தியார் வெட்டிய மீன்

தெருமுனை திரும்புவதற்கு முன் மனைவி நின்றாள். அக்கம் பக்கம் பார்த்தாள். தோளில் கிடந்த துப்பட்டாவைக் கழற்றிப் பைக்குள் திணித்துவிட்டு, வேறொரு வெள்ளைத் துப்பட்டாவை எடுத்துப் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினாள்.

மாவுக்கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டி, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த கணக்கு வாத்தியாருக்குப் பகீரென்றது.

பைக்குள் போனது சாதாரணத் துப்பட்டா இல்லை. அவருடைய கலைப்படைப்பு.

மாடிப்படியில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டதில் ஆரம்பித்தது எல்லாம். பள்ளிக்கூடம் போக முடியாது. பொழுதும் போகவில்லை. ஒரு நாள் மகளின் அழிரப்பரை பிளேடால் செதுக்கி, சாயத்தில் ஒற்றி, கைக்குட்டையில் அழுத்திப் பார்த்தார். ஓர் இலை விழுந்தது. சரி, இலை மாதிரி ஏதோ ஒன்று விழுந்தது.

அன்றைக்குப் பிடித்தது வீட்டுக்குச் சனி.

தலையணை உறை, மேஜை விரிப்பு, திரைச்சீலை, குளித்துவிட்டுத் துவட்டுகிற துண்டு என்று ஒன்றையும் அவர் விட்டுவைக்கவில்லை. அழிரப்பர் போதாமல், பழைய ரப்பர் செருப்பின் அடியை அறுத்து ஒரு மீன் வெட்டினார். செருப்பில் பிறந்த மீன் என்பதாலோ என்னவோ, பார்க்க வந்தவர்கள் எல்லாரும், "செருப்பு நல்லா வந்திருக்கு சார்" என்றார்கள். இவர்களுக்கு நவீன பாணி புரியாது என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டார்.

அந்த மீனைத்தான் மனைவியின் துப்பட்டாவில் பச்சைப் பச்சையாகக் குத்தினார். ஸ்கேல் வைத்துச் சம இடைவெளியில்தான் ஆரம்பித்தார். பாதி தாண்டியதும் மீன்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிட்டன. கணக்கு வாத்தியாருக்கே கணக்குத் தப்பியதை அவர் வெளியே சொல்லவில்லை.

"ரொம்ப அழகா இருக்குங்க. ஆபீசுக்கே போட்டுட்டுப் போறேன்" என்றாள் மனைவி.

கால் நன்றாக இருந்திருந்தால் சந்தோஷத்தில் வானத்துக்கும் பூமிக்கும் குதித்திருப்பார். உட்கார்ந்த இடத்திலேயே குதித்தார்.

அவ்வளவும் பொய்யா? முகத்துக்கு நேரே புகழ்ந்துவிட்டு, தெருவில் போய்க் கழற்றி எறிவதா? வாத்தியார் செதுக்கிய அச்சுகளையெல்லாம் பழைய செய்தித்தாளில் சுற்றி, குப்பையில் போடுவதற்காகக் காலடியில் வைத்துக்கொண்டார். அன்று சாப்பாடு இறங்கவில்லை.

கல்லூரியிலிருந்து வந்த மகள் பொட்டலத்தைப் பார்த்தாள். "என்னப்பா, கடையைக் கட்டியாச்சா?"

"ஆமா. உங்கம்மா வரட்டும். அவ நடிப்புக்குக் கை தட்டிட்டுத்தான் கடையைக் கட்டணும்."

சாயங்காலம் மனைவி வந்தாள். தோளில் மறுபடியும் மீன் துப்பட்டா!

"ஆபீஸ்ல எல்லாரும் என்ன சொன்னாங்க?" வாத்தியார் தேனொழுகக் கேட்டார்.

"அதை ஏன் கேக்கறீங்க! எங்க வாங்கின, எங்க வாங்கினன்னு ஒரே தொல்லை."

"பைக்குள்ள கிடந்தது அவங்க கண்ணுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

மனைவியின் கை செருப்பைக் கழற்றப் போன இடத்திலேயே நின்றது. "பார்த்துட்டீங்களா?"

"எனக்கு இப்ப ஜன்னல்தானே டிவி! பிடிக்கலைன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லு. இந்த நாடகம் எதுக்கு?"

அவள் துப்பட்டாவை விலக்கிக் கழுத்தைக் காட்டினாள். கழுத்து முழுக்கப் பச்சை. தேய்த்துத் தேய்த்துத் தோல் சிவந்து தடித்திருந்தது.

"முதல் நாள் போட்டுட்டுத்தாங்க போனேன். வேர்த்ததும் சாயம் இறங்கிடுச்சு. அன்னிலேர்ந்து ஆபீஸ்ல எனக்குக் கிளின்னு பேரு. சாயம் காஞ்சதும் பின்பக்கம் நல்லாச் சூடா இஸ்திரி போடணும், அப்பதான் நிக்கும்னு டப்பாவுலயே போட்டிருக்கு. நீங்க போடலை."

"அதை அன்னிக்கே சொல்றதுக்கு என்ன?"

"கால் உடைஞ்சதுலேர்ந்து முகத்தைத் தொங்கப் போட்டுட்டே கிடந்தீங்க. துப்பட்டாவை நான் போட்டுக்கிட்ட அன்னிக்குத்தான் சிரிச்சீங்க. எனக்கு எப்படி வாய் வரும்?"

வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது. இவளையா காலையிலிருந்து கரித்துக்கொட்டினோம் என்று வெட்கமாக இருந்தது. அந்தக் கழுத்தைப் பார்க்கவே அவருக்குத் தெம்பில்லை.

ஆனாலும் வாத்தியார் அல்லவா? பாடம் நடத்தாமல் இருக்க முடியுமா?

"இனிமே இஸ்திரி போட்டுத்தான் குடுப்பேன். ஆனா ஒண்ணு. கலைன்னா நாலு பேரு சிரிக்கத்தான் செய்வாங்க. அதைத் தாங்கிக்கிற தைரியம் வேணும். கட்டுப் பிரிச்சதும் ஸ்கூலுக்குப் போவேன்ல? நானே மீன் சட்டை போட்டுட்டுப் போறேன் பாரு!"

மனைவியின் முகம் மலர்ந்துவிட்டது. ஓடிப்போய் பீரோவைத் திறந்து, அவருடைய சட்டை ஒன்றை எடுத்துவந்து மேஜையில் சுருக்கம் இல்லாமல் விரித்தாள். மகள் பொட்டலத்தைப் பிரித்து மீனை எடுத்து நீட்டினாள். வாத்தியார் கம்பீரமாக நிமிர்ந்து உட்கார்ந்தார். மீனைச் சாயத்தில் ஒற்றினார். கையை ஓங்கினார்.

ஓங்கிய கை அந்தரத்திலேயே நின்றுவிட்டது.

"என்னங்க? குத்துங்க."

"இது வேண்டாம்மா" என்றார் வாத்தியார். "இது நல்ல சட்டை."