சத்தம் போடாதீங்க

“இறங்கிடுச்சு டாக்டரம்மா! பால் இறங்கிடுச்சு!”

கால்நடை மருத்துவர் வண்டியை நிறுத்துவதற்குள் பண்ணைக்காரம்மா வாசலுக்கே ஓடி வந்துவிட்டாள். போன வாரம் இதே இடத்தில் அவள் போட்ட சத்தம் மருத்துவரின் காதை விட்டு இன்னும் போகவில்லை.

அன்று, தலைச்சன் கன்று ஈன்ற பசு ஒன்று, மடி கல்லாகக் கனத்தும் ஒரு சொட்டு விடாமல் உதைத்துக்கொண்டிருந்தது. சுற்றிலும் வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம். கையில் குச்சியோடு பண்ணைக்காரம்மா, “ஒரு ஊசியைப் போட்டு இறக்கி விடுங்க” என்று அதட்டினாள்.

“பால் இல்லாம இல்லம்மா, உள்ளேதான் இருக்கு. அதை இறக்கி விடுறது ஆக்ஸிடோசின்னு ஒரு ஹார்மோன். மூளையிலேர்ந்து வரும். கன்னு முட்டினா வரும், தடவிக் கொடுத்தா வரும். நீங்க இப்படிக் கத்தினா, பயத்துல அட்ரினலின்னு இன்னொண்ணு வந்து குறுக்கே நின்னுடும். அது வேணும்னு அடக்கல, உடம்பு அப்படி. ஊசியெல்லாம் வேணாம். குச்சியைக் கீழே போடுங்க.”

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போட்டாள்.

இன்று அந்த முகமே வேறாக இருந்தது.

“வேணும்னே பண்றான்னுதான் நானும் நினைச்சிட்டிருந்தேன். பக்கத்துல போனாலே மிரளுவா. நீங்க சொன்னதுக்கு அப்புறம் வாயே திறக்கல. முதுகை மட்டும் தடவிக் கொடுத்தேன்.”

“வேடிக்கை பார்க்க வந்தவங்க?”

“ஒருத்தரையும் அண்ட விடல. ‘இன்னும் இறங்கலையா’ன்னு எட்டிப் பார்த்த என் நாத்தனாரையே வெளியே தள்ளிக் கதவைச் சாத்திட்டேன். சின்னதை மட்டும் கூடவே விட்டேன்.”

மருத்துவர் சிரித்துவிட்டார். “அப்புறம்?”

“அப்புறம் என்ன, முட்டி முட்டிக் குடிக்குது! எலும்பும் தோலுமா கிடந்தது டாக்டரம்மா. பிழைக்குமோ பிழைக்காதோன்னு இருந்தோம். அது மடக் மடக்குன்னு முழுங்கினதைப் பார்த்ததும் எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. சத்தம் கேட்டா பால் நின்னுடுமேன்னு வாயைப் பொத்திக்கிட்டே அழுதேன்.” முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நீங்க நல்லா இருக்கணும்.”

மருத்துவருக்கும் என்னவோ போல ஆகிவிட்டது. பையை எடுத்துக்கொண்டு, “வாங்க, மடியை ஒரு தடவை பார்த்துடறேன்” என்று தொழுவத்தை நோக்கி நடந்தார்.

பண்ணைக்காரம்மா அவர் கையைப் பிடித்து வீட்டுப் பக்கம் திருப்பினாள்.

“பசு நீங்க வந்த அன்னைக்கே கறந்துடுச்சே! நான் சொன்னது என் மருமகளை. வாங்க, பேரனைப் பார்த்துட்டுப் போங்க... மெதுவா, செருப்புச் சத்தம் கேட்காம.”